ஸ்பேனர் விளக்கு, மேனுவல், சர்வீஸ் சென்டர் போன்: கார் சர்வீஸுக்கு யார் பேச்சைக் கேட்பது?

கார் வாங்கிப் பதினொரு மாதம். ஓடியது 6,200 கி.மீ. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஒரு ஸ்பேனர் படம், கூடவே ‘சர்வீஸுக்கு இன்னும் 30 நாள்’ என்று ஒரு வரி. சர்வீஸ் சென்டரிலிருந்தோ ஆறாவது மாதத்திலிருந்தே போன் வந்துகொண்டிருக்கிறது. ஓனர் மேனுவலைப் புரட்டினால் ஒரு பக்கத்தில் 10,000 கி.மீ. என்றும் இன்னொரு பக்கத்தில் 5,000 கி.மீ. என்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆயில் இன்னும் தேன் மாதிரி இருக்கு சார், பதினைந்தாயிரம் வரைக்கும் தாராளமா ஓட்டலாம்” என்கிறார்.

நாலு பேர் நாலு விதம். யாரைக் கேட்பது என்று பலரும் தடுமாறுவது இங்கேதான்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கார்களில் அந்த ஸ்பேனர் விளக்குக்கு உங்கள் ஆயிலைப் பற்றி எதுவுமே தெரியாது. அது கிலோமீட்டரையும் தேதியையும் எண்ணுகிறது, அவ்வளவுதான். தேசிய நெடுஞ்சாலையில் ஓடிய 10,000 கிலோமீட்டரும், சென்னை கத்திபாரா நெரிசலில் ஊர்ந்த 10,000 கிலோமீட்டரும் அதற்கு ஒன்று. உங்கள் என்ஜினுக்கு இரண்டும் ஒன்றல்ல.

## முதலில், எது நினைவூட்டல், எது அபாய விளக்கு?

ஸ்பேனர் படமும், ‘சர்வீஸ் தேவை’ என்ற வாசகமும் நினைவூட்டல்கள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது மட்டுமே. மற்ற விளக்குகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எண்ணெய்க் குடுவை வடிவ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அந்த நொடியே அணைக்க வேண்டும். ‘அடுத்த பங்க் வரை போய்விடலாம்’ என்று நினைத்தால் பேரிங் போய்விடும். வெப்பமானி வடிவ விளக்கு சிவப்பானாலும் நிறுத்தத்தான் வேண்டும். சூடு தணியும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. வேகத்தைக் குறைத்து, அருகில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதுதான் சரி.

பிஎஸ்-6 டீசல் காரில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு வந்தால் கதை வேறு. அது சர்வீஸுக்குக் கூப்பிடவில்லை, நெடுஞ்சாலைக்குக் கூப்பிடுகிறது. 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், என்ஜின் 1,500–2,000 ஆர்பிஎம்மில் சுற்ற, 20–25 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து விளக்கு அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் என்ஜின் பவர் குறைந்து, ஒர்க்‌ஷாப்பில் கணினி மாட்டி எரிக்க வேண்டிய நிலை வரும். ஆட்புளூ (புகையின் நச்சைக் குறைக்கும் திரவம்) ஊற்றும் டீசல் கார்களில் ‘இன்னும் இத்தனை கி.மீ.’ என்று வரும் எச்சரிக்கையும் தள்ளிப்போடக் கூடாதது. அந்த எண் பூஜ்யமானால், அணைத்த என்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

## எதை வைத்து எடை போடுவது?

என்ஜின் மணிக்கணக்கு. இதுதான் எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. ஆயில் தேய்வது வண்டி நகர்வதால் அல்ல, என்ஜின் சுற்றுவதால். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும் பத்து நிமிடத்தில் ஓடோமீட்டர் அசையாது. ஆயில் மட்டும் சூட்டில் வெந்துகொண்டுதான் இருக்கும்.

மீட்டரில் சராசரி வேகம் காட்டும் திரைக்குப் போய்ப் பாருங்கள். மாநகருக்குள்ளேயே ஓடும் காரில் அது 18–20 கி.மீ. என்று இருக்கும். 18 என்று வைத்துக்கொண்டால் 10,000 கி.மீ. ஓட என்ஜின் 555 மணி நேரம் சுற்றியிருக்கும். மாதம் இருமுறை சென்னை–மதுரை போய்வரும் காரின் சராசரி 55 என்றால் அதே 10,000 கிலோமீட்டருக்கு 182 மணி நேரம்தான். ஒரே மாடல், ஒரே ஆயில், ஒரே ஸ்பேனர் விளக்கு. உழைப்பில் மூன்று மடங்கு வித்தியாசம்.

நடைமுறைக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு ஆயிலை 300 மணி நேரத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். சராசரி வேகத்தை 300-ஆல் பெருக்கினால் உங்கள் கிலோமீட்டர் வந்துவிடும். 18 × 300 = 5,400. 30 × 300 = 9,000. 55 × 300 = 16,500 என்று வந்தாலும் மேனுவல் சொல்லும் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. இது கம்பெனி விதியல்ல. ஆனால் மேனுவலில் கடுமையான ஓட்டத்துக்குப் போட்டிருக்கும் 5,000 கிலோமீட்டரோடு இந்த 5,400 எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று பாருங்கள்.

இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆயில் மாற்றிய அன்று மீட்டரின் இரண்டாவது பயணக் கணக்கான டிரிப் ‘பி’யைப் பூஜ்யமாக்கி, அடுத்த ஆயில் மாற்றம் வரை அதைத் தொடாமல் விடுங்கள். பெட்ரோல் போடும்போது தானாகப் பூஜ்யமாகும் அமைப்பு இருந்தால் செட்டிங்கில் போய் நிறுத்திவிடுங்கள். சில மீட்டர்கள் ஓட்ட நேரத்தையும் காட்டும், ஆனால் 100 மணியைத் தொட்டதும் அது திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். அதனால் சராசரி வேகத்தை நம்புவதே நல்லது.

ஒரு முறை எவ்வளவு தூரம். வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து மார்க்கெட், மறுபடி வீடு. ஒவ்வொன்றும் மூன்று, நாலு கி.மீ. கூலன்ட் சூடாகிவிட்டதாக மீட்டர் காட்டினாலும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் எடுக்கும். முழுச் சூடு ஏறாத ஆயிலில் எரியாத பெட்ரோலும் நீராவியும் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை படிந்திருப்பது இதனால்தான். சில நீண்ட பயணங்களுக்குப் பிறகு அது மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாமல் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (என்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும்.

காலம். ஓடாவிட்டாலும் ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும்.

வாரண்டி, பணம். ஓராண்டில் கூடுதலாக ஒரு ஆயில் மாற்றம் என்றால் சின்ன பெட்ரோல் காருக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய். டர்போ டீசலுக்கு அதைப் போல் இரு மடங்கு. தராசின் அடுத்த தட்டில் டர்போ, டைமிங் செயின், என்ஜின் வேலை இருக்கின்றன. அவை பல பத்தாயிரங்கள்.

## வழி 1: டேஷ்போர்டு சொன்னபடி

மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா என்று நாம் அதிகம் வாங்கும் கார்களில் பெரும்பாலும் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முன்போ அது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனில் 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு. மீட்டருக்குள் பதிந்திருப்பது இந்த எண்தான். ஹூண்டாயில் இன்னும் 1,500 கி.மீ. அல்லது 30 நாள் இருக்கும்போது வாசகம் தலைகாட்டத் தொடங்கும். கெடு தாண்டியதும் ‘சர்வீஸ் தேவை’ என்று மாறும்.

இதன் நல்ல பக்கம் எளிமை. மறந்துபோகாது. வாரண்டிக்கும் இதுவே அடிப்படை அட்டவணை. பாதிக்கு மேல் நெடுஞ்சாலை ஓட்டம், ஆண்டுக்கு 10,000–15,000 கி.மீ., கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில் என்று இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பின்பற்றலாம்.

கெட்ட பக்கம், இந்தக் கணக்கு எளிதில் பிசகும். பேட்டரி வயரைக் கழற்றினாலோ, பேட்டரி முழுக்க இறங்கினாலோ நாட்கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் தவறாகலாம் என்று மேனுவல்களே சொல்கின்றன. ஊரில் நிறுத்திவைத்துப் பேட்டரியைக் கழற்றிவைக்கும் கார்களில் இதை நம்பவே கூடாது. சர்வீஸ் சென்டரில் ஆயிலை மாற்றிவிட்டு ரீசெட் பண்ண மறப்பார்கள், அப்போது விளக்கு பொய்யாக எரியும். அதைவிட மோசமானது ஆயிலை மாற்றாமலே ரீசெட் பண்ணிவிடுவது. பழைய கார் வாங்குபவர்கள் ‘இன்னும் 8,000 கி.மீ. இருக்கிறது’ என்று மீட்டர் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வாங்கிய வாரமே எல்லா ஆயிலையும் மாற்றிவிட்டுத் தங்கள் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நிஜமாகவே கணக்குப் போடும் நினைவூட்டல்களும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் இறுதியிலிருந்தே இதைச் செய்கிறது: என்ஜின் எத்தனை முறை சுற்றியது, எவ்வளவு சூட்டில் சுற்றியது என்று பார்த்து ஆயிலின் மிச்ச ஆயுளைச் சதவீதத்தில் சொல்லும். அமெரிக்கா, கனடாவில் ஹோண்டா ஓட்டும் நம்மவர்கள் ‘ஏ’, ‘பி’ என்ற குறியீடுகளைப் பார்த்திருப்பார்கள். ‘ஏ’ என்றால் ஆயில் மட்டும், ‘பி’ என்றால் ஆயில், ஃபில்டர், பிரேக் சோதனை எல்லாம். கூட வரும் 1 டயர் இடம் மாற்றம், 2 ஏர் ஃபில்டர்கள், 3 கியர் ஆயில், 7 பிரேக் ஆயில். பிஎம்டபிள்யூவில் பிரேக் பேடிலேயே சென்சார் இருக்கிறது.

இந்த வகைக் காரில் நினைவூட்டலை நம்புவது தகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனி சொன்ன தரத்தில்தான் ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்று எண்ணியே அந்தக் கணக்கு நடக்கிறது. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய சிந்தெடிக் ஆயில் ஊற்ற வேண்டிய என்ஜினில் கெட்டியான சாதா 20டபிள்யூ-40 ஊற்றினால், அந்த 40 சதவீதம், 30 சதவீதம் எல்லாம் பொருளற்ற எண்கள். ஓராண்டு ஆகியும் எச்சரிக்கை வரவில்லை என்றாலும் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும் ஆயில் அளவைச் சொல்வது நினைவூட்டலின் வேலை இல்லை. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர். டிபிஎஃப் உள்ள டீசலில் அளவு குறைவதைவிட ஏறுவதுதான் ஆபத்து. நகருக்குள்ளேயே ஓடி, கரியை எரிக்கும் சுற்று பாதியில் அறுந்துபோனால், கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். மேல்கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், மீட்டர் என்ன சொன்னாலும் அன்றே ஆயிலை மாற்றுங்கள்.

## வழி 2: மேனுவலின் ‘கடுமையான பயன்பாடு’ அட்டவணை

ஓனர் மேனுவலில் சர்வீஸ் அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு அட்டவணை இருக்கும். முதல் பக்கத்தோடு மூடிவிடுபவர்களே அதிகம். ஆனால் நம் ஊருக்காகவே எழுதியது போன்ற பக்கம் அதுதான்.

எதையெல்லாம் ‘கடுமை’ என்கிறார்கள் என்று பாருங்கள்: ஒரு தடவைக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவான ஓட்டம், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, நெடுநேரம் ஐட்லிங் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடுவது), புழுதிச் சாலை, மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குவது, டாக்ஸி ஓட்டம். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் 32 டிகிரியைத் தாண்டும் சென்னையிலோ வேலூரிலோ திருச்சியிலோ நகருக்குள் ஓட்டுபவர் ‘சாதாரண’ அட்டவணைக்குள் வரவே மாட்டார். ஹூண்டாய் போன்ற மேனுவல்களில் இந்தப் பக்கம் சொல்லும் கெடு 5,000 கி.மீ. அல்லது 6 மாதம். ஸ்பேனர் விளக்கு எரிவதற்கு வெகு முன்பே அது வந்துவிடும், விளக்கு வாயே திறக்காது.

இதன் செலவு ஆண்டுக்கு ஒரு கூடுதல் ஆயில் மாற்றம். முழு சர்வீஸ் தேவையில்லை. ஜாப் கார்டில் ‘ஆயில், ஆயில் ஃபில்டர் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். மறைவான செலவு அரை நாள் அலைச்சலும், அங்கே போனால் தலையில் கட்டப்பார்க்கும் மற்ற வேலைகளை மறுக்கும் உறுதியும்.

டர்போ பெட்ரோல், டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கு இதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றுகிறது, அதைத் தாங்கி நிற்பது ஆயில் படலம். கெட்ட ஆயில் அந்தச் சூட்டில் கரியாகி நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். நகருக்குள்ளேயே ஓடும் டர்போ காரில் ஆண்டுக்கு இரண்டு முறை ஆயில் மாற்றுவது ஆடம்பரம் இல்லை.

இதைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லாதவர்களும் உண்டு. நாமக்கல்லில் வீடு, வாரம் தோறும் பெங்களூருக்கு ஒரே ஓட்டம் என்பவர் 5,000-த்தில் மாற்றினால் நல்ல ஆயிலைக் கொட்டுகிறார் என்றுதான் அர்த்தம்.

## வழி 3: சர்வீஸ் சென்டரின் போனும் ஸ்டிக்கரும்

இதுவும் தானியங்கி நினைவூட்டல்தான். சென்ற முறை வண்டி விட்ட தேதியிலிருந்து கணினி நாள் எண்ணி எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், போன் என்று அனுப்புகிறது. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரும் அதே வகை. உங்கள் ஓடோமீட்டரில் இன்று என்ன எண் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

முதல் ஆண்டில் இதைக் கேட்பது நல்லது. மாருதி போன்றவற்றில் 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதம், 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஓராண்டு என்று வரும் இலவச சர்வீஸ்களைத் தவறவிட்டால் வாரண்டி பேச்சு வரும்போது சங்கடம். ‘இலவசம்’ என்பது கூலிக்கு மட்டும். ஆயில், ஃபில்டர், வாஷருக்கெல்லாம் பில் வரும். ரீகால் (குறையுள்ள கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதாவது இருந்தால் அதைத் தெரிவிப்பதும் இவர்கள்தான், அந்த அழைப்பை மட்டும் என்றைக்கும் தட்டாதீர்கள்.

முதல் ஆண்டுக்குப் பிறகு, மேனுவல் ஓராண்டு என்கிறபோது ஆறு மாதத்தில் வரும் போனுக்கு ஒரே பதில்: “மேனுவல்ல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?” நகருக்குள் ஓடும் கார் என்றால் அந்த ஆறு மாதம் உங்களுக்குத் தேவைதான், ஆனால் ஆயிலுக்கு மட்டும். என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், ஏசி டிஸின்ஃபெக்டன்ட், அடிப்பாக ரஸ்ட் கோட்டிங் என்று நீளும் பட்டியலில் எதுவும் அட்டவணையில் இல்லை. குறை இருந்து, அதற்கு மருந்தாகச் சொன்னால் யோசிக்கலாம். 12,000 கி.மீ. ஓடிய புது காருக்கு இன்ஜெக்டர் கிளீனிங் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீல் அலைன்மென்ட்டைப் பொறுத்தவரை, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்தாலோ செய்தால் போதும்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடுமா? எந்த வெளிச் சர்வீஸுக்கும் வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தபோது இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. நடைமுறையில், வாரண்டி காலம் முடியும் வரை அட்டவணைச் சர்வீஸை அங்கீகரித்த சென்டரில் செய்து பில்லை வைத்துக்கொள்வதே தொல்லையில்லாத வழி. இடையில் செய்யும் கூடுதல் ஆயில் மாற்றத்தை வெளியே செய்தாலும், ஆயில் கேனின் தரக் குறியீடு, கிலோமீட்டர், தேதி மூன்றும் இருக்கும் பில் வாங்குங்கள்.

## வழி 4: ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’

கெடு தாண்டி 300, 500 கி.மீ. ஓடியதால் என்ஜின் போய்விடாது. ஊருக்குப் போகும் வழியில் விளக்கு எரிந்தால் போய்த் திரும்பி வந்து மாற்றலாம். அதற்கும் மூன்று நிபந்தனைகள்: ஆயில் அளவு கீழ்க்கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினாக இருக்க வேண்டும், வாரண்டி முடிந்திருக்க வேண்டும். வாரண்டியில் இருந்தால் சலுகை எத்தனை கி.மீ., எத்தனை நாள் என்று வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் இந்த வழியில் எல்லோரும் விழும் குழி. டீசல் என்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அது கரியைச் சுமக்கும் வேலையைச் சரியாகச் செய்கிறது. பெட்ரோல் என்ஜினில் ஆயில் தேன் நிறத்தில் இருப்பதால் அதில் அமிலத்தை முறிக்கும் சேர்மானம் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. விரலில் தொட்டு, முகர்ந்து கண்டுபிடிக்கக் கூடியது டீசல் கலப்பும் தண்ணீர்க் கலப்பும் மட்டுமே.

ஆண்டுக்கு 2,500 கி.மீ. மட்டும் ஓடும் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வழியின் மீது அதிக ஆசை. ‘இன்னும் 7,500 பாக்கி இருக்கே’ என்று இரண்டாண்டு, மூன்றாண்டு விட்டுவிடுகிறார்கள். குறைவாக ஓடும் கார்தான் பெரும்பாலும் குறுந்தூரம் ஓடும் கார். ஓராண்டுக் கெடு அவர்களுக்காகவே வைத்தது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டேஷ்போர்டு | மேனுவலின் கடுமைப் பக்கம் | சென்டரின் போன் | தள்ளிப்போடல் |
|---|---|---|---|---|
| எதை எண்ணுகிறது | கி.மீ., தேதி, சில கார்களில் சுற்று, சூடு | கி.மீ., மாதம், ஓட்டும் விதம் | கடைசியாக வந்த தேதி | எதையும் இல்லை |
| நகர நெரிசல் | போதாது | பொருந்தும் | தற்செயலாகப் பொருந்தலாம் | கூடாது |
| நெடுஞ்சாலை | பொருந்தும் | தேவைக்கு அதிகம் | தேவையில்லை | 500 கி.மீ. வரை பரவாயில்லை |
| குறைவாக ஓடும் கார் | தேதிக் கெடுவைக் கேளுங்கள் | குறுந்தூரமே என்றால் பொருந்தும் | முதல் ஆண்டில் மட்டும் | கூடாது |
| ஆண்டுச் செலவு | ஒரு சர்வீஸ் | ஒரு சர்வீஸ், ஓர் ஆயில் மாற்றம் | மறுக்காவிட்டால் எகிறும் | இன்று குறைவு |
| மறைவான செலவு | தவறான ரீசெட் | அரை நாள் அலைச்சல் | தேவையற்ற வேலைகள் | டர்போ, என்ஜின், வாரண்டி |

## நாலு பேரும் சொல்லாமல் விடுவது

ஸ்பேனர் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளக்கு. ‘என்ன மாற்ற வேண்டும்’ என்று அது சொல்லாது. அதனால் கீழே உள்ளவற்றுக்குத் தேதியைப் போனின் காலண்டரில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

பிரேக் ஆயிலை முதலில் சொல்கிறோம், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. கடலோர ஈரக்காற்றில் இரண்டு, மூன்று வருடம் இருந்த பிரேக் ஆயிலோடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குவதைக் கற்பனை செய்யுங்கள். பிரேக் பேடின் சூடு ஆயிலுக்கு ஏறி, உள்ளே ஆவிக் குமிழ் உருவாகும். ஆவி அமுங்கும். பெடல் பஞ்சு போலத் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் என்ஜின் பிடித்து இறங்க வேண்டும் என்பது இதனால்தான். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும். டப்பாவில் மேலாக ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. அளவு குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது கசிகிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் ஊற்றக் கூடாது.

கூலன்ட்டில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கலவை தேவைப்பட்டால் டிஸ்டில்டு வாட்டர். நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள், நிறத்துக்கும் வகைக்கும் உறுதியான தொடர்பு கிடையாது.

ஏர் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை திறந்து பாருங்கள், குவாரி, கட்டட வேலை நடக்கும் பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம். ஏசி ஃபில்டர் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கழற்றி மாற்ற ஐந்து நிமிடம். வேப்ப மரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும், சில சமயம் எலிக்கூடும் கிடைக்கும்.

ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் அதன் கெடுவை மேனுவலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் பெரும்பாலும் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும், முன்னறிவிப்பாக விளக்கு எதுவும் எரியாது. சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர் உள்ளவர்கள் அதன் ஆயிலுக்கும் இப்படியே செய்யுங்கள். சிஎன்ஜி காரில் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை). டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-இன் 23-வது வாரம்.

மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் இல்லை, பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேயும். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் ஏசி ஃபில்டரும் அங்கேயும் உண்டு.

வெள்ளத்தையும் எந்தக் கணக்கும் அறியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நின்றது போன்ற தண்ணீரில் கார் மாட்டினால், அடுத்த சர்வீஸுக்கு 9,000 கி.மீ. பாக்கி என்று மீட்டர் சொல்லிக்கொண்டேயிருக்கும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. தண்ணீர் மட்டம் சக்கரத்தின் மையத்தைத் தாண்டியிருந்தால் என்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டிலும் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, வீல் பேரிங் சத்தம் போடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

## சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கும்போது

வாசலைத் தாண்டும் முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே நின்றால் வடித்துத் தரச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய ஆயில் நுரைத்து சீல்களைப் பதம் பார்க்கும். பில்லில் ஊற்றிய லிட்டர் கணக்கு மேனுவலில் உள்ள கொள்ளளவோடு ஒத்துப்போகிறதா, ஆயிலின் தரக் குறியீடு சரியா என்று பாருங்கள். பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள், வண்டி விடும்போதே சொல்லிவைத்தால்தான் எடுத்துவைப்பார்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்றும் கேளுங்கள்.

பிறகு இக்னிஷனைப் போட்டு மீட்டரைப் பாருங்கள். ‘10,000 கி.மீ. / 365 நாள்’ என்று வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே ரீசெட் பண்ணச் சொல்லுங்கள். பல கார்களில் செட்டிங்கில் சர்வீஸ் இடைவெளி என்ற பகுதிக்குப் போய், ஓகே பட்டனை அழுத்திப் பிடித்தால் நீங்களே செய்யலாம். அந்த இடைவெளியை மாற்றும் வசதி இருந்தால், நகருக்குள் ஓட்டுபவர்கள் 10,000-ஐ 5,000 ஆக்கி, 12 மாதத்தை 6 ஆக்கிவிடுங்கள். அதன்பின் ஸ்பேனர் விளக்கு உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் எரியும். கிளம்பும் முன் டிரிப் ‘பி’யைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.